காலை ஏழு முதல் பத்து வரை

ஜனவரி 6

புற்றுநோயாளிக்கு வரும் களைப்பு, உழைத்து வரும் அசதியைப் போன்றதல்ல. செய்த வேலைக்கும் அதற்கும் கணக்கே ஒத்துவராது. எவ்வளவு நேரம் படுத்தாலும் தீராது. பல் துலக்கிவிட்டு வந்தாலே கட்டிலில் சாய வேண்டியிருக்கும், சாய்ந்து எழுந்தாலும் தெளிச்சி இருக்காது. “நல்லா ரெஸ்ட் எடுங்க” என்ற ஒரு பேச்சோடு இதைக் கடந்துவிடுகிறோம். வலிக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட இதற்குக் காட்டுவதில்லை என்பது என் மனக்குறை. ரத்தசோகை, அழற்சி, தூக்கக் குலைவு, மனச்சோர்வு, மருந்துகள் என்று காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றில் உடலின் நாள்-கடிகாரம் தடுமாறுவதைப் பற்றி மட்டும் இங்கே எழுதப் போகிறேன். அந்தத் தடுமாற்றத்துக்கு நோயோடு ஆஸ்பத்திரிக் கட்டடமும் பொறுப்பு என்பதால், சரிசெய்வதும் நம் கையில் இருக்கிறது.

விழித்திரையில் சில செல்களின் முக்கிய வேலை, வெளியே எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது. மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட இவை தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பதை 2002-இல் டேவிட் பெர்சனின் குழு எலிகளில் காட்டியது. 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலம் கலந்த வெளிச்சம்தான் இவற்றை நன்றாகத் தூண்டும். அதிகாலைக்குப் பின் வரும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளுகிறது, முன்னிரவில் படும் வெளிச்சம் பின்னுக்கு இழுக்கிறது. திறந்த வெளியில் மேகம் கவிந்த பகலில்கூடச் சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். ஆனால் அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றில் 40 உள்நோயாளிகளை வைத்து அளந்து, 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பகல் வெளிச்சத்தின் சராசரி நூறு லக்ஸைச் சற்றே தாண்டியது. வெளிச்சம் குறைந்தவர்களிடம் களைப்பு கூடுதலாகக் காணப்பட்டது. அவர்கள் புற்றுநோயாளிகள் அல்ல, பொது மருத்துவப் பிரிவில் சேர்ந்தவர்கள். ஆகவே இது ஒரு தடயம்தான், நிரூபணம் ஆகாது.

ஜனவரி 8

புற்றுநோய் வார்டுக்குள்ளேயே செய்து பார்த்த சோதனை ஒன்று உண்டு. நியூயார்க்கின் மவுன்ட் சினாயைச் சேர்ந்த ஹெய்திஸ் வால்டிமார்ஸ்டோட்டிர், வில்லியம் ரெட் முதலியோர் 2018-இல் அதை வெளியிட்டார்கள். மல்டிபிள் மயலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்காகத் தம் சொந்த ஸ்டெம் செல்களையே திரும்பப் பெறும் 44 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். அறைக்குள் நிற்கும் விளக்குகளைத் தினமும் காலை ஏழு முதல் பத்து வரை எரியவிட்டார்கள். ஒரு பிரிவுக்குக் கடிகாரத்தை எட்டும் அளவு பிரகாசமான வெள்ளை வெளிச்சம். மற்றதற்கு எட்டாத மங்கல் வெள்ளை வெளிச்சம். மனச்சோர்வைப் பார்த்தபோது, புதிய செல்கள் வேர்பிடித்த மூன்றாம் நாளில், மங்கல் வெளிச்சத்தில் இருந்தவர்களில் 68.4 சதவீதம் பேர் கவலைக்குரிய அளவைத் தொட்டிருந்தார்கள். பிரகாச வெளிச்சப் பிரிவில் 42.1 சதவீதம்.

இந்த நோயாளி படும் பாட்டை அருகே போய்ப் பார்த்தால்தான் விளக்கின் அருமை புரியும். மெல்ஃபலான் என்ற கீமோ மருந்தை அதிக அளவில் ஏற்றியபின் ரத்த அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்குகின்றன. வாய் முழுக்கப் புண், எச்சில் விழுங்கவே வலிக்கும். கிருமி அண்டாமல் இருக்க வாரக்கணக்கில் ஒரே அறை. புற்றுநோய்க் களைப்பைக் குறைப்பதில் மிக நல்ல ஆதாரம் உடற்பயிற்சிக்குத்தான் இருக்கிறது. காரன் மஸ்டியன் குழு 2017-இல் 113 ஆய்வுகளைத் தொகுத்தபோது, உடற்பயிற்சியும் உளவியல் சிகிச்சையும் மருந்துகளை மிஞ்சின. ஆனால் தட்டணுக்கள் குறைந்து காய்ச்சலோடு கிடப்பவரை எழுந்து நடக்கச் சொன்னால், இல்லாத தெம்பைத்தானே முதலில் கேட்கிறோம்? மேசை விளக்குக்கு எதிரே அரை மணி நேரம் உட்காரச் சொல்வதுகூட அவருக்குப் பாரம். அறை முழுக்கப் பரவும் வெளிச்சம் அவரிடம் எதையும் கேட்பதில்லை. கண் திறந்திருந்தால் போதும். நான் வெளிச்சத்தின் பக்கம் நிற்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஜனவரி 11

மறுப்புகளை ஒதுக்கிவிட்டு மேலே போக முடியாது. மவுன்ட் சினாய் ஆய்வு காட்டியது மனச்சோர்வு குறைந்ததை, களைப்பை அல்ல. சரியான மறுப்பு. இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும் என்றாலும் ஒன்றை அளந்துவிட்டு இன்னொன்றுக்கு உரிமை கொண்டாடக் கூடாது. களைப்பை நேரடியாக அளந்த ஆய்வுகள் பெரும்பாலும் வெளிநோயாளிகளிடம் நடந்தவை. சான் டியேகோவில் சோனியா ஆன்கொலி-இஸ்ரேலின் குழு, மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 39 பெண்களிடம் தினமும் காலையில் அரை மணி நேரம் விளக்கைக் கொடுத்துப் பார்த்தது. 2012-இல் வந்த முடிவின்படி, மங்கிய சிவப்பு வெளிச்சம் பெற்றவர்களுக்குக் களைப்பு ஏறியது, பிரகாச வெள்ளை பெற்றவர்களுக்கு ஏறவில்லை. இருந்த களைப்பு போய்விட்டதாக ஆய்வு சொல்லவில்லை, கூடாமல் நின்றது என்றுதான் சொல்கிறது. கீமோ சுற்றுக்குச் சுற்று தளர்ச்சி ஏறும் என்பதை அறிந்தவர்களுக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றாது.

இதைவிடக் கனமான மறுப்பு நெதர்லாந்திலிருந்து வந்தது. நிணநீர்ப் புற்றுநோயிலிருந்து மீண்ட 166 பேரிடம் நடந்த சோதனை 2021-இல் வெளியானது. பிரகாச விளக்கு பெற்றவர்களுக்கும் மங்கல் விளக்கு பெற்றவர்களுக்கும் களைப்பு குறைந்தது. இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. அப்படியானால் பலன் தந்தது வெளிச்சமா, காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்து உட்காரும் ஒழுங்கா, குணமாகும் என்ற எதிர்பார்ப்பா? எந்த விளக்கு கண்முன் எரிகிறது என்பதை நோயாளியிடம் மறைக்கவும் முடியாது. இந்த முடிவை நான் அப்படியே ஏற்கிறேன். ஆனால் அவர்கள் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள். தெருவுக்குப் போகலாம், ஜன்னலோரம் அமரலாம். வார்டில் கிடப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. வயிறு நிறைந்தவருக்கு இன்னொரு பிடி சோறு போட்டு, அவர் தெம்பு கூடவில்லை என்பதால் பட்டினி கிடப்பவருக்கும் சோறு உதவாது என்று முடிவு கட்டலாமா? விளக்கை மருந்தாக எண்ணினால் நெதர்லாந்து முடிவு நம்மைச் சோர்வடையச் செய்யும். பறிபோன பகலைத் திருப்பித் தருவதாக எண்ணினால், அதே முடிவு நம்மை வீட்டிலிருந்து வார்டுக்கு அனுப்புகிறது.

திரையை விலக்கினால் போதாதா என்றும் கேட்கலாம். சூரியன் வரும் பக்கத்து அறைக்குப் போதும். மிலான் நகரில் 2001-இல் வெளியான ஆய்வில், இருமுனைக் கோளாறினால் மனச்சோர்வுற்றவர்களில் கிழக்கு நோக்கிய அறைகளில் இருந்தவர்கள் சராசரியாக 3.67 நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். மேற்குப் பக்கத்தில் கட்டில் கிடைத்தவர் என்ன செய்வார்? இந்த ஜனவரியில் நியூயார்க்கில் ஏழு மணிக்குச் சூரியனே உதித்திருக்காது.

ஜனவரி 15

எச்சரிக்கைகள் உண்டு, அவை கறாரானவை. இருமுனைக் கோளாறு உள்ளவருக்குப் பிரகாச வெளிச்சம் மிகையெழுச்சியைத் தூண்டக்கூடும். விழித்திரை நோய் இருந்தால் கண் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மெத்தோட்ரெக்சேட், ஃப்ளோரோயுராசில் போன்றவை ஒளிக்கூச்சத்தைக் கூட்டுவதால் மருந்துச் சீட்டைப் பார்த்தாக வேண்டும். தலைவலியும் கண்ணெரிச்சலும் சிலருக்கு வரும். ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பார்க்காமல் விளக்கை மட்டும் மாட்டிவைப்பது தவறான மருத்துவம்.

காலை விளக்கைப் பற்றி எழுதும்போது இரவை மறந்துவிடுகிறோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. காலையில் கொடுத்ததை நடுராத்திரியில் பிபி பார்க்க வந்தவர் முழு டியூப் லைட்டையும் போட்டுக் கெடுத்துவிடலாம். இடுப்புயரத்துக்குக் கீழே மஞ்சள் விளக்கு, கையில் சிறு டார்ச், அவசரமில்லாத பரிசோதனைகளை ஒரே நேரத்தில் சேர்த்துச் செய்வது ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. நர்ஸுகளைக் கேட்டுத் திட்டமிட வேண்டும், அவ்வளவே.

அடுத்து வரும் சோதனைகள் வார்டையே களமாகக் கொள்ள வேண்டும். கூரையில் எத்தனை வாட் என்று எழுதாமல், தலையணை உயரத்தில், நோயாளியின் கண்ணுக்கு எத்தனை லக்ஸ் வருகிறது என்று பகலிலும் இரவிலும் அளக்க வேண்டும். ஏழு முதல் பத்து வரை அவர் உண்மையில் விழித்திருந்தாரா என்பதையும் குறிக்க வேண்டும். மூடிய இமைக்குள் நுழையும் வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு. மனச்சோர்வைத் தனியாகவும் களைப்பைத் தனியாகவும், வீடு திரும்பிச் சில வாரம் வரையிலும் கேட்டறிய வேண்டும். அந்த முடிவுகள் வரும்வரை, இரவு வெளிச்சத்தைக் குறைப்பதற்கும் காலையில் திரையை விலக்குவதற்கும் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.