தொப்பூர் இறக்கமும் வால்வு ஸ்பிரிங்கும்

தர்மபுரியில் இருந்து சேலம் போகும் பைக் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, ஆக்ஸிலேட்டரை மூடி கியரைக் குறைத்தால், எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதைச் சக்கரம்தான் முடிவு செய்யும். ஸ்ட்ரோக்கர் எஞ்சின் கட்டுபவர்கள் மறக்கக் கூடாத விஷயம் இது.

பழைய புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., மொத்தம் 346 சிசி. கிராங்கை மாற்றி ஸ்ட்ரோக்கை 100 மி.மீ. ஆக்கினால் 385 சிசி. கணக்கு சுலபம், வேலைதான் கஷ்டம். பிஸ்டன் 5 மி.மீ. கூடுதலாக மேலே வரும். அதற்காக பேரலுக்கு அடியில் தகடு வைத்தால் ஹெட் உயரும். பழைய புஷ்ராடு நீளம் போதாது. கூடுதல் காற்றுக்காக லிஃப்ட் அதிகமான கேம் போட்டால், பழைய ஸ்பிரிங் முழுதாக அமுங்கி சுருள்கள் முட்டிக்கொள்ளலாம். ரொம்பக் கடினமான ஸ்பிரிங் போட்டாலோ கேமும் டேப்பெட்டும் சீக்கிரம் தேயும்.

ஆக, கேம், ஸ்பிரிங், புஷ்ராடு மூன்றையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, ஹெட்டை மாட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிக் கழற்றினால், வால்வு பதிந்த இடத்தில் மிஞ்சிய தடிமன்தான் இடைவெளி. இன்டேக்குக்கு 2, எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ. இருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கு.

இதையெல்லாம் விட்டுவிட்டால், இறக்கத்தில் எஞ்சின் எகிறும்போது பலவீனமான ஸ்பிரிங்கால் வால்வை நேரத்துக்கு மூட முடியாது. மேலே வரும் பிஸ்டன் அதை இடிக்கும். எஞ்சின் இறுகினால் பின்சக்கரமும் நிற்கும். தொப்பூரில் பின்னால் வருவது பெரும்பாலும் பாரம் ஏற்றிய லாரி.