புகழுக்கு ஒரு காது வேண்டும்

தில்லியில் இந்தியா கேட்டைத் தாண்டி நடந்தால் தேசியப் போர் நினைவுச்சின்னம். 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. வட்டத்துக்குள் வட்டமாக நான்கு சக்கரங்கள். வடிவமைத்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் யோகேஷ் சந்திரஹாசன். 'தியாக சக்கரம்' என்ற சுவர்களில், சுதந்திர இந்தியாவுக்காக உயிர்விட்ட 25,000-க்கும் அதிகமான படைவீரர்களின் பெயர்கள், கல்லுக்கு ஒருவர். வருகிறவர்களில் இரண்டு ரகம். ஒரு ரகம் செல்ஃபி எடுக்கும். இன்னொரு ரகம் கல்லை விரலால் தடவிக்கொண்டே ஒரு பெயரைத் தேடும்.

பண்டைய கிரேக்கர்களுக்கு இந்த இரண்டாவது ரகம் புரிந்திருக்கும். புகழுக்கு அவர்கள் வைத்திருந்த சொல் 'கிளியோஸ்'. கேட்பதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல். அதாவது, வீரன் செய்தது பாதிதான். அதை ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்டால்தான் புகழ். ஹோமரின் 'இலியத்'தில் அக்கிலீஸ் முன்னால் இரண்டு வழிகள். ஊர் திரும்பினால் நீண்ட ஆயுள், ஆனால் பேர் இருக்காது. ட்ராய் நகர வாசலில் நின்றால் இளவயதுச் சாவு, அழியாத பேர். அவன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தான்.

தமிழனுக்கு இது அந்நியச் சரக்கு அல்ல. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கண்டுபிடிக்கப்பட்ட நடுகற்களில் ஒன்று, ஆநிரைப் பூசலில் இறந்தவனுக்காகத் தமிழ்பிராமி எழுத்தில் செதுக்கப்பட்டது. சண்டைக்குக் காரணம் மாடு. அதற்காக யாரும் அவன் சாவைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஊர் கூடிக் கல் நட்டது, கதை சொன்னது.

ஊர் கல் நட மறுத்தால்?

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், பம்பாயில் பிறந்த தமிழர். இந்திய அமைதிப் படையில் 8-வது மஹார் பட்டாலியனோடு இலங்கைக்குப் போனார். 1987 நவம்பர் 25 அன்று, இரவு தேடுதல் வேட்டை முடிந்து திரும்பும் வழியில் அவரது அணி விடுதலைப் புலிகளின் பதுங்கித் தாக்குதலில் சிக்கியது. பரமேஸ்வரன் சுற்றி வந்து பின்பக்கமிருந்து தாக்கினார். கைகலப்பில் ஒருவன் சுட்ட குண்டு அவர் மார்பில் பாய்ந்தது. அதே துப்பாக்கியைப் பிடுங்கி அவனைச் சுட்டார். உயிர் போகும்வரை தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார். அமைதிப் படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான்.

ஹோமர் கேட்டிருந்தால் ஒரு முழுக் காண்டம் பாடியிருப்பார். தமிழ்நாடு பாடவில்லை. 1990 மார்ச்சில் படை சென்னையில் வந்து இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படை என்பது அவர் சொன்ன காரணம். அதை வெறும் அரசியல் என்று ஒதுக்கிவிட முடியாது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் அந்தப் படை சுட்டதில் டாக்டர்களும் நர்ஸ்களும் நோயாளிகளும் செத்தார்கள். இந்தப் படையின் வீரத்தைக் கேட்கும் மனநிலையில் தமிழ்நாடு அன்று இல்லை.

மேஜர் முகுந்த் வரதராஜன் கதை வேறு மாதிரி. 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியானில் இறந்தார். 2015 குடியரசு தினத்தில் தில்லியில் அவர் மனைவி அசோக சக்ராவைப் பெற்றுக்கொண்டார். 2024-ல் 'அமரன்' படத்துக்குத் தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் நிரம்பின. இரண்டு மேஜர்களின் துணிச்சலில் யார் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியும்? வித்தியாசம் காதில் இருக்கிறது. பரமேஸ்வரன் பெயரில் சென்னை ஆற்காடு சாலையில் ராணுவத்தினர் குடியிருப்பு ஒன்று உண்டு. பரமேஸ்வரன் விஹார் என்று சொன்னால் ஆட்டோக்காரர் சரியாகக் கொண்டுபோய் விடுவார். யார் அந்தப் பரமேஸ்வரன் என்று கேட்டால்தான் சிக்கல்.

ஆக, புகழ் என்பது அரசாங்கமும் சினிமாவும் போடும் பிச்சைதானா? இந்தியா கேட்டுக்கு அருகிலுள்ள மண்டபம் இதற்கு வேடிக்கையான பதில் வைத்திருக்கிறது. அங்கே நின்ற ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சிலை 1968-ல் அகற்றப்பட்டு, இப்போது நகரத்தின் வடக்கே கரோனேஷன் பூங்காவில் நிற்கிறது. அவரது சாம்ராஜ்யத்துக்காகச் செத்த சிப்பாய்களின் பெயர்கள் இந்தியா கேட் வளைவில் அப்படியே இருக்கின்றன. யாருக்காகச் செத்தார்கள் என்பது மறந்துபோன பிறகும் பெயர் நிற்கிறது.

அக்கிலீஸையும் ஹோமர் சும்மா விடவில்லை. 'ஒடிஸி'யில் அவன் ஆவி பாதாளத்தில் சொல்கிறது: இங்கே செத்தவர்களுக்கு ராஜாவாக இருப்பதைவிட, பூமியில் ஓர் ஏழையிடம் கூலி வேலை பார்க்கலாம். புகழின் விலை செத்தவனுக்கே தெரியும் போலிருக்கிறது. இன்னொன்று, கிரேக்கக் கவிஞனின் 'இலியத்' கிரேக்கர்களின் வெற்றியோடு முடிவதில்லை. எதிரி ஹெக்டரின் ஈமச் சடங்கோடு முடிகிறது. கொன்றவனின் பெயரையும் கொல்லப்பட்டவனின் பெயரையும் ஒரே காது கேட்டுக்கொண்டது. நவீன தேசங்களுக்கு இன்னும் கைவராத பழக்கம் இது. பரமேஸ்வரனுக்காகக் கண் கலங்கினால் யாழ்ப்பாணத்துக்குத் துரோகம், யாழ்ப்பாணத்துக்காக அழுதால் ராணுவத்துக்குத் துரோகம் என்றே இங்கே பேசிப் பழகிவிட்டது.

தில்லி நினைவிடத்தில் பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. பரமேஸ்வரனும் அவர்களில் ஒருவர். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் அக்டோபர் தோறும் அன்று செத்த டாக்டர்கள், நர்ஸ்கள், ஊழியர்களின் படங்களுக்கு முன்னால் விளக்கேற்றுகிறார்கள்.