திரையில் தெரியாத எழுத்துகள்



2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தால், மலைமேல் உள்ள நம் வீடுகள் சிலவற்றிலும் கணினி உண்டு. அத்திட்டத்தின் கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் பதிக்கப்பட்டிருந்தது. அதை உருவாக்கியது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம். அதற்கு அடித்தளம் 1993இல் தொடங்கிய டெபியன் என்னும் இயங்குதளம். ஆயினும் வீட்டின் மூத்த பிள்ளை படித்து முடித்ததும் கணினி டிரங்குப் பெட்டிக்குள் போய்விடுகிறது. "பழசாகிவிட்டது ஐயா, இணையம் திறப்பதில்லை" என்கிறீர்கள். கல்லூரி விண்ணப்பமும் சாதிச் சான்றும் இணையவழியே கேட்கப்படும் இந்நாளில், உலாவி இல்லாத கணினி வாசல் இல்லாத வீட்டைப் போன்றது.

பன்னிரண்டாம் வகுப்பை முடித்த நம் சபையின் மகள் ஒருத்தி, தன் அண்ணனின் பழைய மடிக்கணினியை அண்மையில் என்னிடம் கொண்டுவந்தாள். பழைய கருவிக்குப் பாரமாகாதபடி, அண்ணனின் நண்பர் அதில் டெபியனை மிகச் சிறிய அளவில் நிறுவிக் கொடுத்திருந்தார். அதில் உலாவி இல்லை. யூனிக்ஸ் வழிவந்த இத்தகைய கணினிகளில் உலாவியை ஒரு பொதியாக நிறுவவேண்டும். அதற்கு இரண்டே கட்டளைகள் போதும். 'சூடோ ஆப்ட் அப்டேட்' என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் இட்டால், களஞ்சியத்தில் இருக்கும் பொதிகளின் புதிய பட்டியல் வரும். 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பயர்பாக்ஸ்-இஎஸ்ஆர்' என்று இட்டால் உலாவி வரும். 'சூடோ' என்பது, நிர்வாகியின் அதிகாரத்தோடு இதைச் செய் என்று பொருள்படும்.

முதல் கட்டளையை இட்டதும் கணினி கடவுச்சொல்லைக் கேட்டது. அவள் தட்டினாள். திரையில் ஓர் எழுத்தும் விழவில்லை. ஒரு புள்ளியும் இல்லை. அவள் விரல்கள் நின்றுவிட்டன.

"கீபோர்டு கெட்டுப்போச்சு ஐயா."

"கெடவில்லை அம்மா. முழுவதும் அடித்துவிட்டு என்டரைத் தட்டு."

தட்டினாள். வரிகள் ஓடத் தொடங்கின. அருகில் இருப்பவர் கடவுச்சொல்லின் நீளத்தைக்கூட அறியக்கூடாது என்பதற்காகவே கணினி அதைக் காட்டுவதில்லை. காட்டாவிட்டாலும் ஒவ்வோர் எழுத்தையும் ஏற்றுக்கொள்கிறது. புதிதாய்க் கற்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் "இது நமக்கு வராது" என்று கணினியை மூடிவிடுகிறார்கள். அறிவு குறைவுபட்டதால் அல்ல. "சரியாகத்தான் செய்கிறாய்" என்று சொல்ல அருகில் ஒருவர் இல்லாததால்.

அடுத்து, உலாவியோடு சேர்த்து நிறுவவேண்டிய வேறு பல பொதிகளின் பெயர்களைக் கணினி அடுக்கியது. "நான் ஒன்றைத்தானே கேட்டேன்?" என்றாள். எந்தப் பொதியும் தனித்து நிற்பதில்லை; எழுத்துருவுக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று என்று மற்றவற்றைச் சார்ந்தே நிற்கிறது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் அவற்றைத் தொகுத்துப் பராமரிக்கிறார்கள். களஞ்சியப் பட்டியலில் உள்ள மின்கையொப்பம் மெய்யானதா என்று கணினி சோதித்த பிறகே அதிலிருந்து நிறுவுகிறது. ஆகவே ஊர்பேர் தெரியாத தளங்களில் உலாவியைத் தேடி அலையவேண்டியதில்லை.

தொடரலாமா என்று கணினி கேட்டது. அவள் 'ஒய்' என்ற எழுத்தைத் தட்டினாள். பாதியில் கைப்பேசியின் சிக்னல் அறுந்தது. நம் மலையில் அது புதிதல்லவே! அதே கட்டளையை மீண்டும் இடச் சொன்னேன். அதுவரை வந்து சேர்ந்த பொதிகள் வீணாகவில்லை. எஞ்சியவை மட்டும் இறங்கின. சற்று நேரத்தில் பயர்பாக்ஸ் திறந்தது. தன் விண்ணப்பத்தை அவளே நிரப்பத் தொடங்கினாள்.

பிரியமானவர்களே, அப்போஸ்தலருடைய நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில், ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரியை நினைத்துப்பாருங்கள். அவர் கையில் சுருள் இருந்தது, வாசிக்கவும் தெரிந்தது. அவருக்குக் குறைவாயிருந்தது, அருகில் ஏறி உட்கார்ந்து விளக்கும் ஒருவர். பிலிப்பு சுருளைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. பிறகு பிலிப்பு அவ்விடத்தில் இல்லாதபோதும் மந்திரி சந்தோஷத்தோடே தம் வழியே போனார்.

கணினி அறிந்த வாலிபருக்கு என் வேண்டுகோள் இதுவே. உங்கள் தங்கையோ, அம்மாவோ, பக்கத்து வீட்டுப் பெரியவரோ உதவி கேட்கும்போது, "தள்ளுங்கள், நான் செய்கிறேன்" என்று விசைப்பலகையை வாங்கிவிடாதேயுங்கள். அவர்கள் விரல்களே தட்டட்டும். நீங்கள் செய்து கொடுத்தால் ஒரு விண்ணப்பம் முடியும். அவர்கள் கற்றுக்கொண்டால் அடுத்த விண்ணப்பத்திற்கு உங்களைத் தேடி அலையவேண்டியதில்லை.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பெட்டிக்குள் இருக்கும் கணினிகளை ஆலயத்திற்குக் கொண்டுவாருங்கள். அறிந்தவர் அறியாதவர் அருகே அமரட்டும். கர்த்தர் நம் பிள்ளைகளின் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.