இடைவேளையில் எங்கே நிற்பது

மணி அடிப்பதற்கு முன்பே மைதானத்தை ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுவேன். உடற்கல்வி ஆசிரியனாக நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் வழக்கம் இது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மண் மெத்தென்று இருப்பதால் விழுந்தால் அடிபடாது என்று நம்பிவிடுகிறோம். அந்த மணலுக்குள்தான் சீமைக்கருவேல முள்ளும் அறுந்த தூண்டில் முள்ளும் புதைந்து கிடக்கும். கரையோரப் பிள்ளைகளோ செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஓடுவார்கள்.

உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. ஊஞ்சலில் பெயின்ட் பளபளக்கும். கொக்கி உரசும் இடத்தில் சங்கிலி பாதியாய்த் தேய்ந்திருக்கும். கண்ணால் பார்த்தால் போதாது. பெரியவர் ஒருவர் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்க்க வேண்டும். பங்குனி வெயிலில் சறுக்குமரத் தகட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை ஏறவிட வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது பனையடிக்கு யாரையும் விடுவதில்லை. காவோலை சொல்லிக்கொண்டு விழாது.

மணி அடித்த பிறகு எல்லாம் நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஆசிரியர்கள் வேப்பமர நிழலில் கூடி நின்றால் கழிப்பறையின் பின்பக்கம் யார் கண்ணுக்கும் படாது. 2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து என் சுற்றில் சுவர்களும் சேர்ந்துகொண்டன. விளையாட்டிடமும், சுற்றுச்சுவரோ வேலியோ ஒன்றும் வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். சுவரில் விரிசல் விழுந்திருக்கிறதா என்பதை யாராவது நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும்.

ஓடாதே என்று அடக்கி வைப்பதைப் பாதுகாப்பு என்று நான் ஒருநாளும் ஒப்பமாட்டேன். காலையிலிருந்து உட்கார்ந்த உடம்பு ஓடியே தீரும். பெரிய பையன்களின் கபடிக்குக் குறுக்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போதுதான் பல் உடைகிறது. சுண்ணாம்புக் கோடு போட்டு இடத்தைப் பிரியுங்கள். கோட்டைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். "சார், இவன் எங்க பக்கம் வந்துட்டான்" என்று அவர்களே காவல் காப்பார்கள்.

ஐப்பசி மழைக்குப் பிறகு, சுவர் இல்லாத பள்ளியென்றால் ஊருணிப் பக்கம் ஒருவர் நின்றே ஆக வேண்டும். பந்து தண்ணீருக்குள் போனால் பிள்ளையும் பின்னாலேயே போகும். அங்கே நிற்பவர் கையில் எப்போதும் இன்னொரு பந்து இருக்கட்டும்.