போத்தலில் மீந்த தண்ணீர்



வெளியே போய்விட்டு வீடு திரும்பியதும், கைப்பையில் இருக்கும் தண்ணீர்ப் போத்தலை என்றாவது எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? காலையில் நிரப்பிய தண்ணீர் மாலையிலும் அப்படியே இருந்திருக்கிறதா? என்னுடைய போத்தல் பல வருடங்களாக அப்படித்தான் வீடு திரும்பியது. அது ஒரு கெட்ட பழக்கம் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. 2022ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஒருநாள் பூநகரி வீதியில் சைக்கிளோடு சரிந்து விழும்வரைக்கும் தோன்றவில்லை.

அந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் இல்லை. எரிபொருள் நிலையங்களுக்கு முன்னால் நாட்கணக்காக வரிசை. என்னுடைய ஸ்கூட்டி முற்றத்தில் நின்றது. ஆனால் களவேலை நிற்கவில்லை. பெற்றோல் இல்லாத காலத்தில்தானே வீடுகளில் அடுப்பும் எரியவில்லை. பின் கொட்டிலில் கிடந்த அம்மாவின் பழைய லுமாலா சைக்கிளைத் துடைத்து, ரியூப் மாற்றி எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை இருந்தபோது எங்கள் அம்மாமார் சைக்கிளில்தானே சீவித்தார்கள், நான் ஓடினால் என்ன என்ற துணிவு எனக்கு.

பரந்தனில் இருந்து பூநகரிக்குப் போகிற வீதி இருபது கிலோமீற்றருக்கு மேல் வரும். நீண்ட தூரத்துக்கு வயலும் வெளியும்தான். நிழல் என்று ஒதுங்க மரம் குறைவு. யூலை மாதம் சோளகம் வீசும் காலம். எதிர்க்காற்றில் ஒரு மிதிக்கு இரண்டு மிதி மிதிக்க வேண்டும். காற்று வேர்வையை உடனே உலர்த்திவிடுவதால் எவ்வளவு வேர்க்கிறது என்பது நமக்கே தெரியாது. இரண்டு வீடுகளைப் பார்த்து முடித்து மூன்றாவது வீட்டை நோக்கிப் போகும்போது நேரம் பதினொன்றரை இருக்கும். தலை இடித்தது. அந்த வெயிலிலும் உடம்பு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு எனக்குத் தெரிந்தது, வீதியோரப் புழுதியும் மேலே கிடந்த சைக்கிளும்தான்.

பக்கத்து வேலியைத் திறந்துகொண்டு ஓர் அக்கா ஓடி வந்தார். கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்த் தாழ்வாரத்தில் இருத்தினார். ஈரத்துணியால் கழுத்தையும் முகத்தையும் துடைத்துவிட்டு, தேசிக்காய் பிழிந்து உப்பும் சீனியும் போட்ட தண்ணீர் கொண்டுவந்தார்.

“ஒரேயடியாக் குடிக்காதேங்கோ தங்கச்சி. கொஞ்சம் கொஞ்சமாக் குடியுங்கோ.”

நான் குடித்து முடித்ததும் அவர் என்னுடைய சைக்கிள் கூடையில் இருந்த போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“தண்ணி நிறைய இருக்கு. ஏன் குடிக்கேல்லை?”

நான் பதில் சொல்லவில்லை. அவரே சொன்னார்.

“ஒதுங்க இடமில்லை எண்டுதானே? என்ரை மகளும் இப்பிடித்தான்.”

அவருடைய மகள் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். விடிய முன்னம் சைக்கிளில் சந்திக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போக வேண்டும். இரவில் இருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவாளாம். மாதத்தில் ஒருமுறை சலக்கடுப்பு என்று படுப்பாளாம். “சூடு பிடிச்சிட்டுது எண்டு வெந்தயம் ஊறப்போட்டுக் குடுக்கிறன்” என்றார் அக்கா.

அன்று அந்தத் தாழ்வாரத்தில் இருந்தபோது எனக்கு என் அம்மாவின் குரல் ஞாபகம் வந்தது. 2009ஆம் ஆண்டு. எனக்குப் பதினேழு வயது. செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில், பவுசர் வரும்வரை வாளியோடு வரிசையில் நிற்போம். கிடைத்த தண்ணீரைக் கூடாரத்துக்குக் கொண்டுவந்தால் அம்மா என்னையும் தங்கையையும் பார்த்துச் சொல்லுவார்: “பொழுதுபட்டாப் பிறகு தண்ணி குடியாதையுங்கோ பிள்ளையள். இருட்டுக்கை எங்கை போறது?” மலசலகூடத்துக்கும் வரிசை. இரவில் தனியாகப் போகப் பயம். அதனால் குடிக்காமல் இருந்தோம். அது அம்மாவின் பிழை அல்ல. தன் இரண்டு பெண்பிள்ளைகளையும் காப்பாற்ற அவரிடம் அப்போது இருந்த ஒரே வழி அது.

முகாம் 2012இல் மூடப்பட்டது. நாங்கள் அதற்கு முன்னரே ஊருக்கு வந்துவிட்டோம். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தேன், வேலைக்கு வந்தேன், ஸ்கூட்டியும் வாங்கினேன். ஆனால் அந்தக் கட்டளை மட்டும் என் உடம்பைவிட்டுப் போகவில்லை. வீட்டைவிட்டு வெளிக்கிட்டால் குடிக்கக்கூடாது என்று என் தொண்டைக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. சமூகவியல் வகுப்பில், பழக்கம் என்பது தனிமனிதருக்கு மட்டும் உரியதல்ல, அதைச் சூழலும் சமூகமும் சேர்ந்து உருவாக்குகின்றன என்று படித்தேன். என் கைப்போத்தலில் அதைக் காண எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் எடுத்தது.

விழுந்த மூன்றாம் நாள் எனக்கும் சலக்கடுப்பு வந்தது. காய்ச்சலும் குளிரும் சேர்ந்தன. வைத்தியசாலையில் சலத்தைப் பரிசோதித்துக் கிருமித்தொற்று என்றார்கள். பரிசோதித்த பெண் மருத்துவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ஆண்களைவிடக் குறுகியது. அதனால் கிருமிகள் சலப்பையை இலகுவில் எட்டிவிடும். நாம் போதிய தண்ணீர் குடித்து அடிக்கடி சலம் கழித்தால் அந்தக் கிருமிகள் கழுவுண்டு போகும். தண்ணீரையும் குறைத்து, சலத்தையும் அடக்கினால் அவை அங்கேயே பெருகும். கவனிக்காமல் விட்டால் தொற்று சிறுநீரகம்வரை ஏறும். கர்ப்பிணிகளுக்கு வந்தால் பிள்ளை மாதம் நிறையமுன் பிறக்கவும் கூடும். வெந்தயத் தண்ணீர் குடித்துப் பார்த்துக்கொண்டு நாட்களைக் கடத்துகிற வருத்தம் அல்ல இது. காய்ச்சல், நாரி நோ, சலத்தில் இரத்தம் என்று ஏதாவது கண்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நம் பக்கத்து வவுனியா மாவட்டத்திலும் வடமத்திய மாகாணத்திலும் தொண்ணூறுகளில் இருந்து விவசாயிகளிடையே பரவியிருக்கும், காரணம் தெளிவாக அறியப்படாத சிறுநீரக நோயைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடும் வெயிலில் நீண்டநேரம் வேலைசெய்து உடல் நீரை இழப்பதும் அதற்குத் துணைபோகும் காரணங்களில் ஒன்றாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வெயிலில் உழைக்கும் நாம் தாகத்தை விளையாட்டாக எடுக்க முடியாது.

எப்படிக் குடிப்பது?

சுகமாகி வந்தபிறகும் பெற்றோல் வரவில்லை. சைக்கிள்தான் ஓடினேன். ஆனால் முறையை மாற்றினேன். நான் செய்து பயன்கண்டவற்றையும் மருத்துவர் சொன்னவற்றையும் இங்கே தருகிறேன்.

புறப்படுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர் இரண்டு தம்ளர் தண்ணீர் குடிப்பேன். வெளிக்கிடும்போது மலசலகூடத்துக்குப் போய்விட்டே சைக்கிளை எடுப்பேன். இதனால் உடம்பில் நீரும் இருக்கும், முதல் ஒரு மணித்தியாலத்துக்கு அவதியும் இருக்காது. பிறகு கால் மணித்தியாலம், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நாலைந்து மிடறு குடிப்பேன். வெயிலில் சைக்கிள் மிதிக்கிறவருக்கு மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் அளவில் தேவைப்படும். கடும் வெயிலில் இன்னும் சற்றுக் கூடும். இப்படிச் சிறிது சிறிதாகக் குடித்தால் பெரும்பகுதி வேர்வையாகவே போய்விடுகிறது. அடங்காத் தாகம் எடுத்தபின் ஒரேயடியாக ஒரு போத்தலைக் கவிழ்த்தால்தான் வயிறும் குமட்டும், அரை மணித்தியாலத்தில் ஒதுங்க இடமும் தேட வேண்டிவரும்.

போதுமான அளவு குடிக்கிறோமா என்பதைச் சலத்தின் நிறமே சொல்லும். வெளிர்மஞ்சளாக இருந்தால் நல்லது. வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போனால் உடம்பில் நீர் காணாது. சில மருந்துகளும் விற்றமின் குளிசைகளும் நிறத்தை மாற்றும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேர்க்க வேர்க்க ஓடினால் உப்பும் வெளியேறும். அதற்குக் கடையில் சோடா வாங்கத் தேவையில்லை. உப்புப் போட்ட மோர், தேசிக்காய்த் தண்ணீர், காலையில் பழஞ்சோற்றுத் தண்ணீர், கிடைத்தால் இளநீர், எல்லாம் நம்மிடமே இருக்கின்றன. வாந்தி, வயிற்றோட்டம் இருந்தால் ஜீவனி பக்கற் ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துக் குடிக்கலாம். அது இல்லாவிட்டால் ஒரு லீற்றர் நீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பு அளவு கூடக்கூடாது. இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய, சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும், முள்ளந்தண்டுப் பாதிப்பினால் சலக்குழாயுடன் வாழும் சகோதரிகளும் தங்களுக்கு எவ்வளவு நீர், எவ்வளவு உப்பு என்பதைக் கிளினிக்கில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். குழாய்க்குப் பயந்து தண்ணீரைத் தாமாகக் குறைக்க வேண்டாம்.

பூநகரிப் பக்கத்தில் பல கிணறுகள் உவர். வழியில் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வீட்டிலேயே கொதித்தாறிய நீரை நிரப்புங்கள். போத்தலை ஈரப் பருத்தித்துணியால் சுற்றிக் காற்றுப் படும்படி கட்டினால், மண்பானையில் போலத் தண்ணீர் குளிர்ந்திருக்கும்.

நோகாமல் ஓடுவதற்கு

நம்மில் பலர் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் சீற்றை நன்றாகப் பதித்துவைத்து ஓடுகிறோம். அதனால்தான் முழங்காலும் நாரியும் நோகின்றன. சீற்றில் இருந்துகொண்டு, கீழே வந்த பெடலில் குதிக்காலை வைத்துப் பாருங்கள். கால் நேராக நிற்க வேண்டும். அதுதான் சரியான உயரம். ஒரேநாளில் உயர்த்தாமல் கிழமைக்கு ஓர் அங்குலமாக உயர்த்திப் பழகலாம். தொடையிலோ காலிலோ செல் துண்டு உள்ளவர்கள் எந்த உயரம் வலியைக் குறைக்கிறது என்று பார்த்து அதற்கேற்ப வையுங்கள். ரயருக்குக் காற்றும் சங்கிலிக்கு எண்ணெயும் இருந்தால் பாதிக் களைப்பு போய்விடும்.

வெளிர்நிறப் பருத்தி உடுப்பு, அகன்ற தொப்பி, பருத்தி உள்ளாடை. ஷோலையும் பாவாடை விளிம்பையும் சில்லில் சிக்காமல் முடிந்துகொள்ளுங்கள். வேர்வையில் நனைந்த உள்ளாடையைப் போய்ச்சேர்ந்ததும் மாற்ற ஒரு மாற்றுடுப்பு பையில் இருக்கட்டும். மாதவிடாய் நாட்களில் நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வழிபார்த்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள்.

கூட வருபவருக்குத் தலைசுற்றல், வாந்தி வந்தால் நிழலில் இருத்தி, உடலை நனைத்து விசிறுங்கள். பேச்சுத் தடுமாறினாலோ நினைவு மயங்கினாலோ வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். உடலைக் குளிர்வித்தபடியே 1990க்கு அழையுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும்.

ஒதுங்க ஓர் இடம்

இவ்வளவும் சொன்னாலும் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. குடித்தபின் எங்கே போவது?

இதை ஒரு கிராமத்து மாதர் சங்கக் கூட்டத்தில் கேட்டேன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். கச்சேரிக்கு வருகிற நாளில் தேத்தண்ணியும் குடிக்காத அம்மா, காணாமற்போன மகனைத் தேடிப் பஸ்ஸில் ஊர்ஊராகத் திரிந்த காலமெல்லாம் வாயை நனைக்க மட்டும் தண்ணீர் எடுத்த அம்மா, கடன் கட்டச் சந்தைக்கு மீன்பெட்டி கட்டி ஓடும் தங்கச்சி. எல்லோருடைய போத்தலும் நிறைந்தே வீடு திரும்பியிருக்கிறது.

அப்போது வயதான ஓர் அம்மா சொன்னார்: “முந்தி எங்கடை ஆக்கள் தெருவிலை மடம் கட்டினவை, கிணறு வெட்டினவை, சுமைதாங்கி வைச்சவை. பிள்ளை வயித்தோடை செத்த பொம்பிளையின்ரை பேரிலைதான் சுமைதாங்கி வைக்கிறது. மாட்டுக்குக்கூட முதுகு உரோஞ்சக் கல்லு நட்டவை. பொம்பிளையளுக்கு ஒரு கக்கூசு கட்டவேணும் எண்டு மட்டும் ஒருத்தருக்கும் யோசினை வரேல்லை.”

மடம் கட்ட நம்மிடம் பணம் இல்லை. ஆனால் அன்று அந்தக் கூட்டத்தில் ஒரு கொப்பியில் பெயர்கள் எழுதப்பட்டன. வீதியோரத்தில் இருக்கும் எந்தெந்த வீட்டில், எந்தப் பெண்ணும் தயங்காமல் படலையைத் தட்டி, “அக்கா, ஒருக்கா ஒதுங்கலாமோ?” என்று கேட்கலாம் என்ற பட்டியல். ஏழு வீடுகள். முதலாவதாகத் தன் பெயரைத் தந்தவர் என்னைத் தூக்கி இருத்திய அந்த அக்காதான். பொதுமலசலகூடம் கேட்டுப் பிரதேச சபைக்கு ஒரு கடிதமும் எழுதினோம். இன்னும் பதில் இல்லை. மறுபடியும் எழுதுவோம்.

உங்கள் ஊரில் எத்தனை வீடுகள் வரும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் படலையும் அதில் ஒன்றாக இருக்கட்டும்.

பெற்றோல் வந்து ஸ்கூட்டி ஓடத் தொடங்கிய பிறகும் கிழமையில் இரண்டு நாள் சைக்கிளில் போகிறேன். என் அம்மாவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. நான் மாலையில் வந்ததும் போத்தலை எடுத்து ஆட்டிப் பார்ப்பார். முன்பு குடியாதே என்று சொன்னவர், இப்போது அதில் தண்ணீர் மீந்திருந்தால் ஏசுவார்.