கேள்வியே துணை

தமிழில் 'கேள்வி' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. செவியால் கேட்டு அறிதல் ஒன்று. அறியாததை வினவுதல் மற்றொன்று. திருக்குறளின் 42ஆம் அதிகாரமாகிய 'கேள்வி', முதற்பொருளின் பெருமையைப் பேசுகிறது. பள்ளிப் பருவம் பெரிதும் அப்பொருளிலேயே கழிகிறது. கல்லூரி வாழ்வோ இரண்டாம் பொருளையும் சேர்த்து வேண்டுகிறது. வினவத் தயங்கும் மாணவர், திறமை இருந்தும் அங்குப் பின்தங்க நேர்கிறது.

சேர்வதற்கு முன்

'அந்தக் கல்லூரி நல்லதா?' என்பது விடை தராத வினா. அங்கே ஆய்வகப் பயிற்சி வாரத்திற்கு எத்தனை மணி நேரம், பாடம் எம்மொழியில் நடக்கிறது, விடுதி உண்டா, ஊருக்குக் கடைசிப் பேருந்து எப்போது என்பனவே பயன் தரும் வினாக்கள். அவற்றை இப்போது அங்கே படிப்பவரிடம் கேட்பது நன்று. விரும்பும் பட்டப்படிப்பிற்கு மேல்நிலையில் எப்பாடங்களைப் படித்திருக்க வேண்டும் என்பதையும் முன்னரே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றைச் சேர்க்கை நெருங்கும் வேளையில் தேடி அலைதல் கூடாது. குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாதவிடத்து, முதல் பட்டதாரிச் சான்றிதழையும் பெற்றுவைத்தல் வேண்டும். ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியே தொழிற்கல்வியில் சேர்வோர்க்குக் கல்விக் கட்டணச் சலுகை பெற அது உதவும். இவற்றிற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மூலச் சான்றிதழ் எதனையும் ஒப்படைக்கும் முன் நகல் எடுத்துக்கொள்வது இன்றியமையாதது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வி பெறுவோர்க்கு மாதந்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் திட்டங்கள் தொடங்கப்பட்டன. மாணவியர்க்கான புதுமைப்பெண் திட்டம் 2022இலும், மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. இத்தகைய உதவிகளுக்கு எங்கே, எப்போது பதிவு செய்வது என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும்.

சேர்ந்த பின்

பள்ளிக்கு இரண்டு நாள் வராத மாணவரைப் பற்றி வகுப்பாசிரியர் வீட்டாரிடம் விசாரிப்பார். கல்லூரியில் அவ்வாறு பின்தொடர்வார் அரியர். அந்த விடுதலை இனியதுதான். ஆனால் அதற்கு விலையும் உண்டு. வருகைப்பதிவு 75 விழுக்காட்டிற்குக் குறைந்தால் தேர்வெழுதுவதே தடைபடலாம். கலை, அறிவியல் படிப்புகளில் ஒரு தாளின் 100 மதிப்பெண்ணில் பெரும்பாலும் 25 அகமதிப்பீட்டிற்கு உரியது. இடைத்தேர்வு, ஒப்படைப்பு, கருத்தரங்கம் எனப் பருவம் முழுவதும் அது சிறிது சிறிதாகச் சேர்கிறது. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் விழித்துக்கொள்பவர் அதனைத் திரும்பப் பெற இயலாது. ஆகவே, ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் மதிப்பீட்டு முறையையும் முதல் வாரத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

தமிழ்வழியில் பயின்றோர்க்கு ஆங்கிலவழி விரிவுரை முதலில் அச்சம் தரும். அறிந்த கருத்தே அறியாத பெயரில் வருவதுதான் இவ்வச்சத்திற்குப் பெரிதும் காரணம். நாள்தோறும் ஐந்து கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையாக எழுதிவந்தால், ஒரு பருவத்திற்குள் சில நூறு சொற்கள் கைவசமாகும். வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சமெனில், வகுப்பு முடிந்ததும் பேராசிரியரை அணுகலாம். தமிழில் கேட்டாலும் வினா வினாவே. நூலகத்தில் வேண்டிய நூலைக் கண்டுபிடிக்கும் முறையை நூலகரிடம் ஒருமுறை கேட்டறிந்தால், அது கல்விக் காலம் முழுவதும் பயன்படும்.

துன்பம் நேர்கையில்

வாய்திறக்க அஞ்சும் இடத்திலேதான் வினவுதல் மிகத் தேவையாகிறது. பகடிவதையைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அதற்கு ஆளானவர் நாணவோ ஒளிக்கவோ வேண்டியதில்லை. துறைத் தலைவரிடமோ முதல்வரிடமோ முறையிடலாம். தேர்வில் தோல்வி, கட்டணம் செலுத்த இயலாமை, ஊர் நினைவால் வரும் தனிமை ஆகியவற்றையும் மனத்திற்குள் பூட்டிவைத்தல் கூடாது. எவரிடமும் சொல்லாமல் இடையில் நின்றுவிடுவதைவிட, ஒருவரிடம் சென்று 'இனி என்ன செய்யலாம்?' என்று கேட்பது நன்று. நிலுவைத் தாளை மீண்டும் எழுதலாம். கட்டணத்திற்குத் தவணை கேட்கலாம்.

படித்தவர் நிறைந்த வீட்டில் இவையெல்லாம் உணவுவேளைப் பேச்சிலேயே தெரிந்துவிடும். முதல் தலைமுறை மாணவர்க்கு வீட்டில் அன்பும் உழைப்பும் இருக்கும். வழிசொல்லத்தான் ஆள் இராது. அக்குறையை அவர் வெளியே கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். அவ்வாறு கேட்டறிந்தவர் பட்டம் பெற்று ஊர் திரும்பும்போது, அத்தெருவில் அடுத்துப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்குக் கேட்பதற்கு ஒருவர் இருப்பார்.