பிடியரிசி நோட்டு

மெஞ்ஞானபுரம் பரிசுத்த பவுலின் ஆலயக் கோபுரம் 192 அடி உயரம். சுற்றுவட்டாரத்தில் பனையேறியவர்கள் உச்சியிலிருந்து அதைப் பார்ப்பார்கள். எங்கள் ஊர் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். எங்கள் கோயிலுக்குக் கோபுரம் கிடையாது. ஓட்டுக்கூரை, சுண்ணாம்புச் சுவர், முற்றத்தில் இரண்டு கல்தூணுக்கு நடுவே தொங்கும் மணி, அவ்வளவுதான்.

ஆனி, ஆடியில் தேரிக்காட்டுச் செம்மணல் காற்றோடு வந்து கோயிலுக்குள் நிறையும். ஜன்னலைச் சாத்தினாலும் ஓட்டிடுக்கு வழியாக இறங்கும். கோயில்பிள்ளை காலையில் பெருக்கி அள்ளுவார். சாயங்காலம் பார்த்தால் பாய்மேல் மறுபடியும் சிவப்பாகப் படிந்திருக்கும். மாலை ஜெபத்துக்கு முன் மறுபடியும் பெருக்குவார். வாரநாளில் ஜெபத்துக்கு வருவது நாலைந்து கிழவிகள்தான். அவர்களுக்காகப் பெருக்கினார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரும் வராத அன்றும் அவர் பெருக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் ஆச்சி அடுப்பங்கரைச் சுவரோரம் ஒரு ஓலைக்கொட்டான் வைத்திருந்தாள். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கொட்டானில் போடுவாள். கை பெரிதா சிறிதா என்பதல்ல, எப்போது எடுக்கிறோம் என்பதுதான் அவளுக்கு முக்கியம். சோறு வடித்தபிறகு எடுத்தால் போதாதா என்று கேட்டதற்கு, "ஏல, முதல்ல ஆண்டவருக்கு. பெறவுதான் உலைக்கு" என்றாள். அரிசி தட்டுப்பட்ட நாளில் எங்களுக்குக் கஞ்சி தண்ணியாகும். கொட்டானில் விழுகிற பிடி குறையாது.

ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டுக் கொட்டானும் கோயிலில் ஒன்றாகக் கொட்டப்படும். ரேஷன் அரிசி, சம்பா, புழுங்கல், பச்சை எல்லாம் கலந்த குவியல். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். அந்த அரிசியைப் பொங்கினால் ஒரு பருக்கை குழையும், பக்கத்துப் பருக்கை வேகாமல் நிற்கும். தெரிந்தேதான் ஏலத்தில் கேட்பார்கள், அதுவும் கடைவிலைக்குமேல்.

ஏலப்பணத்தில் ஒரு பங்கு உபதேசியார் சம்பளத்துக்கு, ஒரு பங்கு மிஷனெரி சங்கத்துக்கு. 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்தின் பின்னால் நின்றவர் எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா. நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்ற பிடிவாதத்தோடு அது நிஜாம் சீமையிலிருந்த தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பியது. 1912-இல் அசரியா அங்கே பேராயரானார்; இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் அவர். அந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரை எழுதுகிறார்கள், எழுதத்தான் வேண்டும். தோர்ணக்கல் எந்தத் திசையில் இருக்கிறது என்று ஆச்சிக்குத் தெரியாது. ஆனால் ராத்திரி ஜெபத்தில் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லாமல் படுக்கமாட்டாள்.

எங்கள் தெருவில் ஒரு பனையேறி இருந்தார். பாளையை நாள் தவறாமல் சீவாவிட்டால் ஊறல் நின்றுபோகும். ஆகவே ஞாயிற்றுக்கிழமையும் ஏறித்தான் ஆகவேண்டும். இருட்டிலேயே ஏறி இறங்கி, குளித்து, வெள்ளைவேட்டியோடு முதல் மணிக்கு வந்து உட்கார்ந்திருப்பார். மேல்துண்டு விலகினால் மார்பில் பனை உரசிக் காய்த்த தழும்பு தெரியும். தம் பனைகளில் ஒன்றைக் கோயிலுக்கென்று விட்டிருந்தார். அதன் பதநீரை அவர் மனைவி தனிச்சட்டியில் காய்ச்சுவார். எல்லாவற்றோடும் சேர்த்துக் காய்ச்சிக் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தால் விறகு மிச்சம், நேரம் மிச்சம். அந்த அம்மாள் கடைசிவரை சேர்க்கவில்லை. ஸ்தோத்திரப் பண்டிகைக்கு அந்தக் கருப்பட்டி ஓலைப்பெட்டியில் வந்து பீடத்துக்கு முன் இருக்கும்.

இவர்களில் யாரும் சாட்சி சொல்ல எழுந்து நின்றதாக எனக்கு நினைவில்லை. விசுவாசத்தைப் பற்றி நான் பின்னாளில் நல்ல பிரசங்கங்கள் நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனால் கீழ்ப்படிதல் என்றதும் என் மனதில் வருவது விறகு ஊதிக்கொண்டிருக்கும் அந்த அம்மாள்தான்.

போன கிறிஸ்மஸுக்குப் போயிருந்தபோது கோயில் அலமாரியில் பழைய பிடியரிசி நோட்டுகளைக் கண்டேன். உழக்குக் கணக்கு, வாரம் தவறாமல் எழுதியிருக்கிறது. பெண்கள் பெயர் அதில் இல்லை. இன்னார் பெண்சாதி, இன்னார் தாயார் என்றுதான் இருக்கிறது. ஓரங்களில் செல்லரிக்கத் தொடங்கிவிட்டது. அந்தப் பெண்களின் பெயரைச் சொல்லக்கூடிய இரண்டு மூன்று பேர் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பொங்கல் விடுமுறைக்குள் அவர்களிடம் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதிவிட வேண்டும்.